சிவப்புக் கோடு விழாத குன்று

இந்த நன்றி விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் குன்றுப்புறத் தமிழர் பேரவையின் தலைவர், பெருமதிப்பிற்குரிய சுந்தரராமன் அவர்களே. என் பெயருக்கு முன்னால் அடைமொழிகளை அடுக்கி, பெயர் எது என்று எனக்கே ஐயம் வரும்படி அழைத்த செயலாளர் பிரியம்வதா அவர்களே. சன்னிவேலிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் இந்த மழையில் கார் ஓட்டிக்கொண்டு வந்து நிறைந்திருக்கும் பெரியோர்களே. புகை சூழ்ந்த நாட்களில், பள்ளிக்கூடத்து ஜிம்மில் போர்வையோடு வந்து விழுந்த எங்களுக்கு முகம் கோணாமல் சோறு வடித்துப் போட்ட தாய்மார்களே. எனக்கு அடுத்த நாற்காலியில் வெட்கத்தோடு அமர்ந்திருக்கும் இன்றைய விழா நாயகர் தம்பி மதன் அவர்களே. முதல் வரிசையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மகள் பிரீத்தியே. உங்கள் அனைவருக்கும் பவளம் திருமூர்த்தியின் பணிவான வணக்கம்.

வாசலில் என் படத்தைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே 'தீயை வென்ற திருமகள்' என்று எழுதியிருந்தது. பிரியம்வதா, அது உங்கள் கைவண்ணம்தானே? ஆமாம் என்று தலையாட்டுகிறார். தகரத்துக்குத் தகரம் மோனை அழகாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால், அம்மா, நான் எந்தத் தீயை வென்றேன்? என் வீட்டை எரித்த தீயையா? என் கணவரைக் கொண்டுபோன தீயையா?

சிரிக்க வந்தவர்கள் சங்கடப்பட வேண்டாம். கோயம்புத்தூரில் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் மேடையைப் பிடித்தால் இறங்காதவள் நான். துக்கத்தையும் மேடைத்தமிழில்தான் சொல்ல வருகிறது எனக்கு. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரவை எனக்கு இட்ட பணி இது. காட்டுத்தீயோடு மோதும் பெருவிமானங்களைப் பற்றி உங்களுக்குச் சுவையாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், தீ எரிந்த நாளில் ட்ரோன் பறக்கவிட்டு உங்கள் வீடுகளை உங்களுக்குக் காட்டிய தம்பி மதனுக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தி, 'வான்விழி வேந்தர்' என்ற பட்டத்தை வழங்க வேண்டும். அந்த ட்ரோனும் இதோ மேசைமேல், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாரமாகப் பேச்சைத் தயாரித்தேன். ஆனால் சற்று முன் இந்தத் திரையில் மதன் எடுத்த படத்தை நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம் அல்லவா? அதைப் பார்த்தபின் நான் தயாரித்ததில் ஒரு வரிகூட நாக்கில் நிற்கவில்லை. வேறொன்று பேசப்போகிறேன். தலைவர் மணி அடிக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் விமானத்தை முதலில் அறிமுகம் செய்கிறேன். அது ஒரு காலத்தில் உங்களைப் போன்ற பயணிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன கப்பல். வயதாகிவிட்டது, எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். நாங்கள் அதை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கினோம், சமையலறையைப் பிடுங்கினோம், கம்பளத்தைப் பிடுங்கினோம். இருக்கைக்கு அடியில் என்னென்ன கிடந்தன தெரியுமா? கொண்டை ஊசி, பால் புட்டியின் மூடி, யாரோ ஒரு நம்மவர் பயத்தில் மடித்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம். அதையெல்லாம் கூட்டி எடுத்துவிட்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு பெருந்தொட்டி பொருத்தினோம். அந்தத் தொட்டியின் அடிக்கதவுகள் என் மேசையில் பிறந்தவை. எந்த வேகத்தில் திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும், சொட்டாமல் எப்படி மூட வேண்டும் என்பதே எனக்குப் பல ஆண்டுகள் வேலை.

அந்தத் தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. உரத்தில் சேர்க்கிற உப்பு, கூழ்போலக் கெட்டியாக்கும் பொருள், கண்ணுக்குத் தெரிய ஒரு சிவப்புச் சாயம், இவை கலந்த குழம்பு. அதைத் தீயின் தலையில் கொட்டுவதாகத்தானே நினைக்கிறீர்கள்? இந்த அரங்கில் பாதிப்பேர் என்னிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தீக்கு முன்னால், தீ இன்னும் வந்து சேராத பச்சையில், ஒரு நீண்ட சிவப்புக் கோடாக அதை இழுத்துவிட்டுப் போகும். கோட்டைத் தொட்டால் தீ தளரும். தளர்ந்த தீயைத் தரையில் நிற்கும் ஆட்கள் மண்வெட்டியும் குழாயும் கொண்டு அடக்குவார்கள். விமானம் தீயை அணைக்காது. விமானம் கோடு போடும். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்? எத்தனை விருந்தில் சொல்லியிருக்கிறேன்? என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?

என் வீட்டில் அதைக் கேட்டவர் திருமூர்த்தி. உடுமலைப்பேட்டைக்காரர். சான் ஹோசேயில் சிப் வடிவமைக்கிற கம்பெனியில் வேலை. மனைவி செய்த விமானம் என்றால் அவருக்கு மனைவியைவிடப் பெருமை. வேலை முடிந்த முதல் விமானத்தைக் காட்ட அவரைத் தளத்துக்குக் கூட்டிப்போனேன். சட்டைப் பைக்குள்ளிருந்து என்ன எடுத்தார் தெரியுமா? எலுமிச்சம்பழம். ஆமாம், பின்வரிசையில் சரியாகவே சொல்கிறீர்கள், சக்கரத்துக்கு அடியில் வைக்கத்தான். எங்கள் மேற்பார்வையாளர் ஓடி வந்து இது என்னவென்று கேட்டார். இவர் கொஞ்சமும் அசராமல், "இன்ஷூரன்ஸ்" என்றார். அந்த மனிதரும் சிரித்துவிட்டு, விமானம் நகர்கிறவரை பழத்தை எடுக்காமல் விட்டார். அது நசுங்கியபோது என் கணவர் கைதட்டினார். ஓடுதளத்தில் ஒலித்த ஒரே தமிழ்க் கைதட்டல் அதுதான்.

அந்தக் கைதட்டலைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை.

தீ வந்த நாளுக்கு வருகிறேன். கிழக்குக் குன்றுகளுக்கு அப்பால் புல் பற்றிக்கொண்டது. காற்று மலையிலிருந்து ஊருக்கு வீசியது. நான் வடக்கே விமானத் தளத்தில் இருந்தேன், தீப்பருவம் முழுக்க அங்கேதான் எனக்கு வேலை. பிரீத்தி வேறு மாநிலத்தில், ரிச்சர்ட்சனில், கல்லூரியில். அவர் மட்டும் வீட்டில். நம் தெருவுக்கு அன்று எச்சரிக்கைதான் வந்திருந்தது, வெளியேறியே தீர வேண்டும் என்ற கட்டளை வரவில்லை. உங்களில் பலர் எச்சரிக்கையிலேயே கிளம்பிவிட்டீர்கள். புண்ணியவான்கள். நான் அவருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, கிளம்பிட்டீங்களா?"

"வார்னிங்தான் புள்ள வந்திருக்குது. ஆர்டர் இன்னும் வரல. வேலிக்குத் தண்ணி அடிச்சுட்டிருக்கேன்."

"வார்னிங்கே போதுமுங்க. காரை எடுங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், பொங்கல் விழாவில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும். சிரித்துவிட்டுச் சொன்னார், "உன்ற ஏரோப்ளேன் இந்தப் பக்கந்தான் வருதாமா. அப்பறம் நான் எதுக்குப் புள்ள ஓடோணும்?"

வரத்தான் செய்தது. நான் கண்ணால் பார்த்து அனுப்பினேன். தொட்டி நிறைய நிறைய, எங்கள் குன்றுக்கும் தீக்கும் நடுவில் இருந்த முகட்டில் கோடு போட அது புறப்பட்டது. அந்தக் கோடு விழுந்தால் தரையில் நிற்பவர்களுக்கு நேரம் கிடைக்கும். நம் தெருவுக்கு நேரம் கிடைக்கும். தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்திருக்கும் ஒரு பிடிவாதக்காரருக்கு நேரம் கிடைக்கும்.

ஆனால் விமானம் திரும்பி வந்தது.

ஒரு விமானம் காலியாகத் திரும்பி வருகிறதா, சுமையோடு வருகிறதா என்பதை இறங்குகிற விதத்திலேயே எங்களால் சொல்ல முடியும். அன்று அது நிறைமாதக்காரி படி இறங்குவதுபோல இறங்கியது. டயர்கள் நசுங்கிக் கிடந்தன. ஒரு சொட்டுக்கூடக் கொட்டப்படவில்லை. நான் ஓடினேன். விமானி இறங்கி வந்து தலைக்கருவியைக் கழற்றி எறிந்தார். "எவனோ முகட்டுக்கு மேலே பொம்மை விட்டு விளையாடுகிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பொம்மை என்று அவர் சொன்னது ட்ரோனை. எங்கள் பெருவிமானம் கோடு போடும்போது மரத்தின் உச்சிக்குச் சற்று மேலேதான் பறக்கும். முன்னால் ஒரு சிறிய விமானம் வழிகாட்டிக்கொண்டு போகும். அந்த உயரத்தில், அந்த வேகத்தில், இந்தக் கையளவு யந்திரம் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும்? கண்ணாடியில் மோதினால் என்ன ஆகும்? அதனால் தீக்களத்தில் ஒரு ட்ரோன் கண்ணில் பட்டால், மேலே வட்டமிடும் கண்காணிப்பு விமானத்திலிருந்து ஒரே ஆணைதான் வரும். எல்லா விமானங்களும் விலகியாக வேண்டும். ட்ரோன் போய்விட்டது என்று உறுதியாகும்வரை தீ மட்டும்தான் முன்னேறலாம்.

தீ முன்னேறியது. கோடு விழாத அந்த முகட்டின் வழியாக இறங்கி வந்தது. கட்டளை வந்தபோது நம் தெருவிலிருந்து கீழே இறங்குகிற ஒரே சாலை புகைக்குள் போய்விட்டது. என் கணவரை எனக்கு மூடிய பெட்டியில்தான் தந்தார்கள். திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். நம் வழக்கப்படி மேலே ஒரு புதுத்துணி போர்த்த வேண்டும். மூடியின்மேல் போர்த்தினேன். மரத்தின்மேல்.

அந்த ட்ரோனை விட்டது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. விசாரித்தவர்கள் தெரியவில்லை என்று எழுதி முடித்தார்கள். நான் முடிக்கவில்லை. இத்தனை மாதங்கள், கடையில் வரிசையில் நிற்கும்போதெல்லாம், கோயிலில் பிரகாரம் சுற்றும்போதெல்லாம், எதிரே வருகிற முகத்தில் நீயா, நீயா என்று தேடியிருக்கிறேன். அவனைக் கண்டால் என்ன கேட்பேன் என்று கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன். சாபம் விட ஆயத்தமாக இருந்தேன். வெள்ளைக்காரச் சிறுபிள்ளைகள் யாரோ வேடிக்கைக்கு விட்டது என்று நினைத்திருந்தேன். தம்பி மதன் படமெடுத்தது நம் தெருக்களை மட்டும்தான் என்றே இருந்தேன்.

அன்பர்களே, திரையில் ஓடிய படத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் தெருத்தெருவாக வீடுகள் வந்தன. தன் வீட்டைக் கண்டவர்கள் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, போனில் பேசிக்கொண்டே ட்ரோன் ஓட்டும் தம்பி மதனின் குரல் கேட்டது. "திருமூர்த்தி அண்ணா, நீங்க கேட்ட மாதிரியே ரிட்ஜ் பக்கம் ஒரு ரவுண்டு விடறேன். ஃபயர் இன்னும் தூரத்துலதான் இருக்கு. டென்ஷன் ஆகாதீங்கண்ணா." அவர் பெயரைக் கேட்டதும் இந்த அரங்கமே விசும்பியது. நானும்தான். அடுத்து, வலது ஓரத்தில், புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளை விமானம் வந்தது. முன்னால் ஒரு சின்ன விமானம். மதனின் குரல் குதூகலித்தது. "அண்ணா, அக்காவோட ஃப்ளைட் வந்துடுச்சு." நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். எனக்காகக் கைதட்டினீர்கள். என் பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்கள்.

அதற்கு அடுத்த நொடியைக் கவனித்தீர்களா? விமானம் மூக்கைத் தூக்கியது. இறக்கையைச் சாய்த்தது. புகைக்குப் பின்னால் மறைந்தது. வேலையை முடித்துவிட்டுப் போகிறது என்று நினைத்துக் கைதட்டினீர்கள். ஐயா, அம்மா, அதன் வயிற்றிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்ததா? அந்தக் கதவுகளைச் செய்தவள் கேட்கிறேன். அவை திறந்தனவா?

திறக்கவில்லை. நாம் கைதட்டியது என் விமானம் திரும்பிப் போனதற்கு.

சிலர் திரையைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். நல்லது. பிரீத்தி கையசைக்கிறாள். இறங்கி வா என்கிறாள். "அம்மா, யூ டோன்ட் ஹாவ் டு" என்று உதடு அசைகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும் கண்ணு. சொல்லாவிட்டால் இந்த மேடையில் இன்னும் சற்று நேரத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறும். இன்னும் பல ட்ரோன்கள் வாங்கி, அடுத்த தீப்பருவத்தில் ஒவ்வொரு குன்றுக்கும் ஒன்றாக அனுப்பும் 'வான்விழித் திட்டம்'. தலைவர் அறிவிப்பார், நீங்கள் கைதட்டுவீர்கள், கைதட்டலே ஒப்புதலாகிவிடும். நம்மிடம் எல்லாமே அப்படித்தானே நிறைவேறுகிறது?

மதன் கெட்டவரா? இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நம் பிள்ளைகளின் அரங்கேற்றத்தையும் காதுகுத்தையும் படம் பிடித்தவர். ஜிம்முக்கு அரிசி மூட்டை சுமந்தவர். வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் துடித்த உங்களுக்காக, வேலைக்கு லீவு போட்டு, தூசியிலும் புகையிலும் நின்று, ஒவ்வொரு வீடாகக் காட்டியவர். காட்டச் சொன்னது யார்? பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டைக் காட்டு, என் வீட்டைக் காட்டு என்று வரிசை கட்டியது யார்? அந்த வரிசையில் என் கணவரும் நின்றார். ரிட்ஜ் பக்கம், அதே முகட்டுப் பக்கம், ஒரு ரவுண்டு விடச் சொன்னதே அவர்தான் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. தன்னைக் காக்க வந்த விமானத்தை விரட்டிய ட்ரோனை, தானே கூப்பிட்டிருக்கிறார். தன் மனைவியின் விமானம் வந்துவிட்டது என்ற சேதியையும் அதே ட்ரோன் வழியாகக் கேட்டுக்கொண்டு, நிம்மதியாக வேலிக்குத் தண்ணீர் அடித்திருக்கிறார்.

இப்போது நான் யாரைச் சபிக்க? கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். கிடைத்தது அன்பு. அந்த மலையில் என் கணவரைக் கொன்றது ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு. அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கோடு விழுந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பலத்த காற்றில் தீப்பொறி கோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். விழுந்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். விழுந்திருந்தால் இன்று இந்த வரிசையில் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டும் இருக்கலாம். அது எனக்கு இனி என்றைக்கும் தெரியாது. தெரியாமலேயே நான் கிழவியாக வேண்டும். மன்னித்தேன் என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. வெறுக்கிறேன் என்ற சொல்லும் வரவில்லை.

அடுத்த கோடையில் தீ வருமா? வரும். காற்று வருமா? வரும். பெருவிமானம் வருமா? என் கையில் இருக்கிறவரை அனுப்பி வைப்பேன். அப்போது யாராவது ஒருவர், நல்ல மனசோடு, ஒரு ட்ரோனை மேலே விடுவாரா? விடுவார். எனக்கு அதில் ஐயமில்லை, நம்பிக்கையும் இல்லை. நான் இத்தனை ஆண்டுகள் சொன்னதை என் வீட்டு மனிதரே கேட்கவில்லை, ஊர் கேட்கும் என்று எப்படி நம்புவேன்? ஆனாலும் இங்கே இருப்பவர்களிடம் மட்டுமாவது கேட்கிறேன். உங்கள் வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓர் இரவு இருங்கள். துடியுங்கள். அழுங்கள். தெரியாமலே இருங்கள். வானத்தை விட்டுவிடுங்கள். நான் ஆயுள் முழுக்கத் தெரியாமல் இருக்கப்போகிறேன், நீங்கள் ஓர் இரவு இருக்க மாட்டீர்களா?

தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்தைப் படிக்காமல் விட வேண்டும் என்று இரு கை கூப்பிக் கேட்கிறேன். தாளை மடித்துப் பையில் வைக்கிறார். நன்றி ஐயா.

மதன், எழுந்து வாருங்கள். வாங்க தம்பி, பயப்படாதீங்க. என்ன சொல்கிறீர்கள்? மைக்கில் விழவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். "எனக்குத் தெரியாதுக்கா" என்கிறார்.

தெரியாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. இந்த ஓரத்தைப் பிடிங்க.

அன்பர்களே, பட்டம் எதையும் நான் வழங்கப்போவதில்லை. இந்தப் பொன்னாடையை இவர் தோளிலும் போர்த்தப்போவதில்லை. என்னால் ஆகாது. பொட்டு வைத்து மேசைமேல் உட்கார வைத்திருக்கிறீர்களே, அதன்மேல் போர்த்தப்போகிறோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. இழுத்து மூடுங்க தம்பி. இறக்கை தெரியுது பாருங்க, அதையும் மூடுங்க. ஆச்சு. கைதட்ட வேண்டாம். எவரும் தட்ட வேண்டாம். இந்தத் தம்பியை இன்றைக்குத் தனியாகக் காரில் அனுப்பாதீர்கள், யாராவது கூடப் போங்கள். நாளைக்கும் போங்கள். அவருக்கும் இனித் தூக்கம் இருக்காது.

சோறு போட்ட கைகளுக்கும், பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், மணி அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. தொடக்கத்தில் எல்லோரையும் பெயர் சொல்லி விளித்தேன். ஒருவரை விட்டுவிட்டேன். அவரோடு முடிக்கிறேன்.

ஏனுங்க, உங்களுக்கும் வணக்கமுங்க. நீங்க நம்புன ஏரோப்ளேன் வந்துச்சுங்க. தொட்டி நெறையா வந்துச்சுங்க. நம்ம வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சுங்க.